கூடத்து அரிசி – அத்தியாயம் 11

மாயக்காள் காலிப் பையோடு திரும்பிப் போனதைக் கனகலட்சுமியால் ஒரு வாரமாகச் செரிக்க முடியவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேரையூர்ப் பக்கம் புங்கம்பட்டியில், மூடிக் கிடந்த மிஷன் பள்ளிக்கூட அறை ஒன்றில் நடக்கிறது பிடியரிசிக் கூடம். ஊரடங்கில் காட்டுவேலை நின்று, அடுப்பு எரியாத வீடுகள் கண்ணில் படத் தொடங்கியபோது கனகலட்சுமி ஆரம்பித்தது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை டப்பாவில் ஒதுக்கிப் போடுவார்கள். வியாழக்கிழமை ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வந்து டிரம்மில் கொட்டுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடிக் கல் பொறுக்கிப் பைகளில் கட்டுவார்கள். சனிக்கிழமை, இல்லாதவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சம்பளம் ஒருவருக்கும் கிடையாது.

கனகலட்சுமி இரண்டு சட்டம் போட்டிருந்தாள். எந்தத் தெரு அரிசியும் தனியாக நிற்கக் கூடாது, எல்லாம் ஒரே டிரம்மில்தான். மேலத்தெரு அரிசி, காலனி அரிசி என்று ஒரு நாக்கும் பிரித்துப் பேசக் கூடாது என்பதற்காக அப்படி. அதனால் ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சமைத்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். குறை வரக் கூடாதென்று வெள்ளிதோறும் அதில் ஒரு பிடியை வேகவைத்து, எல்லோருக்கும் முன்னால் உப்புக்கூடப் போடாமல் கனகலட்சுமியே தின்று காட்டுவாள்.

இரண்டாவது சட்டம் இன்னும் கறார். கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாது.

சில வாரங்களாக வரிசை முடிவதற்குள் டிரம் முடிந்துவிடுகிறது. போன சனிக்கிழமை வரிசையின் கடைசியில் நின்ற மாயக்காள், யாரையும் ஒன்றும் கேட்காமல், பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

கூடத்துக்கு இரண்டு சாவி. ஒன்று, ஓய்வுபெற்ற வாத்தியார் இன்னாசிமுத்துவிடம். இன்னொன்று கனகலட்சுமியின் மருமகள் பாண்டிமீனாவிடம்.

இவ்வளவு போதும். இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வியாழக்கிழமை அரிசி கொட்டி முடிந்ததும் கனகலட்சுமி ஒரு காரியம் செய்திருந்தாள். களத்தில் நெல் குவித்தால், ராத்திரி யாரும் கை வைக்காமல் இருக்கச் சாணிப்பாலில் குறி போடுவார்களே, அந்த மாதிரி. டிரம்மில் அரிசியை மட்டமாக நிரவி, நடுவில் தன் உள்ளங்கையை அழுத்திப் பதித்துவிட்டு மூடிவைத்தாள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பாண்டிமீனா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். ஆரப்பாளையத்தில் அம்மாவுக்கு முட்டிவலியாம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, அரிசி கட்டுகிற நேரத்துக்குள் வந்துவிடுவாளாம். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. மேலே ஒரு சேலை மடித்து வைத்திருந்தது. சேலைப் பைக்குத் தோள் அப்படியா சாயும்?

பஸ் நிறுத்தம் வரைக்கும் பையை நான் தூக்கி வருகிறேன் என்று கனகலட்சுமி கை நீட்டினாள். பாண்டிமீனா பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, "இருக்கட்டும் அத்தை, கனமே இல்ல" என்றாள். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பஸ் புழுதி அடங்குவதற்குள் கனகலட்சுமி இன்னாசிமுத்து வீட்டு வாசலில் நின்றாள். வாத்தியார் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். டிரம்மைத் திறந்தால் உள்ளங்கைக் குறியைக் காணோம். அரிசி நடுவில் குழிந்து, ஓரம் மேடாகி, யாரோ படியால் அள்ளிய லட்சணம் அப்பட்டமாகத் தெரிந்தது.

முதலில் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் மேய்த்த மனிதர், அவருக்குத் திருட்டையும் தெரியும், திருட்டுப் பட்டத்தையும் தெரியும்.

"தனியாக் கேட்டா அழுவா சார். அழுதா நான் விட்டுருவேன். மாயக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் கனகலட்சுமி. "சாயந்திரம் ஒருத்தரையும் கலைய விடாதீங்க. என் வீட்டு அழுக்க நானே எல்லார் முன்னாலயும் அலசிப் போடுறேன்."

அவள் போட்ட சத்தம் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பெண்கள் காதிலும் விழுந்தது. அதோடு நிறுத்தினாளா? வீட்டுக்கு வந்து மகன் காதிலும் போட்டாள். அழகுராஜா தன் குட்டியானை லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் பெண்டாட்டி பையில் என்ன இருந்தது என்று நீ கேட்டாயா, கூடத்து அரிசி அவள் ஆத்தா வீட்டுக்குப் போகிறது தெரியுமா என்று தாய் கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. துணியைப் பிழிந்து வண்டிக் கண்ணாடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் பேசாத ஆள். பேசாத ஆளிடம் பாதி சேதி சொல்லக் கூடாது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கனகலட்சுமி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் ஊர் முன்னால் பேசக் கூடாது என்பது அவள் நியாயம். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் ஆத்தா வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டு போனது, தேங்காய் கொண்டு போனது, கேட்டுவிட்டுக் கொண்டுபோனதுகூட இப்போது கேளாமல் கொண்டுபோனது மாதிரித் தோன்றியது. சந்தேகப்பட ஆரம்பித்த ஆளுக்குப் பழைய தேங்காய்கூடச் சாட்சிக்கு வந்துவிடும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகள் இருக்கிற சந்தில், பாண்டிமீனாவின் தாய் செல்லத்தாய் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். காலை வியாபாரம் முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், சம்பந்தியைக் கண்டதும் ஈரக் கையோடு ஓடிவந்தாள். வராத சம்பந்தி வந்திருக்கிறாளே என்று சேரைத் துடைத்துப் போட்டாள், காபி வாங்க ஆள் அனுப்பினாள்.

தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கனகலட்சுமி தானே அடுப்படிக்குள் போனாள். தண்ணீர் குடித்தாளோ இல்லையோ, அரிசி வாளியைத் திறந்து பார்த்தாள். இட்லி அரிசி ஒரு வாளி, பொன்னி ஒரு வாளி. சுத்தமான அரிசி, கலப்படமே இல்லை. அலமாரிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், எங்கேயும் கட்டைப்பையைக் காணோம். செல்லத்தாயின் முட்டியும் நன்றாகத்தான் மடங்கியது.

"மீனா எப்படி இருக்கா? பொங்கலுக்கு வந்தவ, அப்புறம் எட்டிப் பாக்கலயே" என்று செல்லத்தாய் கேட்டாள்.

கனகலட்சுமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பொங்கலுக்கு அப்புறம் மருமகள் எத்தனை வெள்ளிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள்? அப்படியானால் அந்தப் பை எங்கே போகிறது, யாருக்குப் போகிறது? அதற்கு மேல் நினைப்பு போன திசையை நான் எழுத மாட்டேன், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். திருட்டு என்று வந்த சந்தேகம் வேறு பேர் எடுத்துக்கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். செல்லத்தாயிடம் அவள் வாய் திறக்கவில்லை. மீனா நல்லா இருக்கா, இந்தப் பக்கம் ஒரு சோலி, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். பெற்றவளிடம் பெண்ணைப் பற்றி அரைகுறையாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிற ஈரமற்றவள் அல்ல.

ஆனால் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சிம்மக்கல்லில் மகள் ரோகிணி இருக்கிறாள். மாப்பிள்ளை ராம்கிக்கு அங்கே மொத்த வியாபாரப் பாத்திரக் கடை. அந்தச் சம்பந்தத்தைப் பற்றிக் கனகலட்சுமி புங்கம்பட்டியில் சொல்லாத வீடு கிடையாது. மகள் மடியில் கொட்டி அழுதுவிட்டுப் போகலாம் என்று டவுன் பஸ் ஏறினாள்.

மாடிப் படியில் தாயைக் கண்டதும் ரோகிணி சந்தோஷப்படவில்லை. "சொல்லாமக் கொள்ளாம வாரே, ஒரு போன் போட வேண்டியதுதானம்மா" என்றாள். கதவைப் பாதிதான் திறந்தாள். மகள் என்பதால் கனகலட்சுமி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாக் கணக்கும் மருமகளுக்குத்தானே.

உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசினாள். பையைச் சொன்னாள், குறி அழிந்ததைச் சொன்னாள், செல்லத்தாய் கேட்டதைச் சொன்னாள். உங்கண்ணன் வாழ்க்கை இப்படிச் சந்தி சிரிக்கப் போகிறதே என்று மூக்கைச் சிந்தினாள். ரோகிணி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். மதினி அப்படிப்பட்டவ இல்லம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதுவும் வாய்க்குள்ளேயே.

பிரிட்ஜ் நின்ற இடம் காலியாக இருந்தது. தரையில் சதுரமாகக் கறை மட்டும் இருந்தது. எங்கே என்று கேட்டதற்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது. பசி காதை அடைத்தது கனகலட்சுமிக்கு. சாப்பாடு கேட்டாள். ரோகிணி தடுமாறினாள். கீழே மெஸ்ஸில் நல்ல சாப்பாடு, வாங்கிவரச் சொல்கிறேன் என்றாள். சோறு ஆறிவிட்டது என்றாள். குழம்பு வைக்கவில்லை, ரசம்தான் என்றாள்.

"எம் மக வீட்டுல ரசஞ்சோறு தின்னா நான் தேய்ஞ்சா போவேன்? போடு" என்று கனகலட்சுமி தானே தட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள்.

முதல் வாய் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாயில் நாக்கு நின்றது. ஒரு பருக்கை பசை மாதிரி ஒட்டியது. ஒரு பருக்கை நடுவில் விறைப்பாக நின்றது. மெலிசாக ஒன்று, குண்டாக ஒன்று, லேசாக ரேஷன் வாடை. ரசத்தை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வெள்ளிதோறும் ஊர் முன்னால் தின்று காட்டுகிற சோறு அது. உலகத்தில் வேறு எந்த வீட்டு உலையிலும் அது கிடையாது.

"இந்த அரிசி ஏது?" என்றாள்.

"கடையிலதாம்மா."

"எந்தக் கடையில பொன்னியையும் ரேஷன் அரிசியையும் பச்சரிசியவும் ஒண்ணாக் கொட்டி விக்கிறான்?"

ரோகிணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் வந்தது. கூட்டாளி பிரிந்து போனதும் பாத்திரக் கடை ஷட்டர் இறங்கிவிட்டது. ராம்கி இப்போது யாரோ ஒருவருடைய குடோனில் மூட்டை ஏற்றி இறக்குகிறான், அதுவும் கூப்பிட்ட நாளைக்கு. பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகவில்லை, விலைக்குப் போய்விட்டது. ஒரு நாள் பாண்டிமீனா சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாள். அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்த்தாள். அன்றைக்கு வெந்தது வெறும் கஞ்சித் தண்ணீர். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று ரோகிணிதான் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"பெத்தவகிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு?" கனகலட்சுமிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நம்ம வீட்டுல அரிசி இல்லயா? அதுல அள்ளிக்கிட்டு வரக் கூடாதா அவ?"

"நம்ம வீட்டுல உன் கை படாம ஒரு ஆழாக்கு வெளிய போகுமா? மறுநாளே கண்டுபிடிச்சிருப்ப." ரோகிணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூடத்துக்குக் காதுல கம்மல் போட்டுக்கிட்டு ஒரு அக்கா வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அரிசியக் குடுத்து அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து என்ன சொன்ன? புருஷன் கடை வச்சிருக்கான், இவளுக்குக் கையேந்த வெக்கமா இல்லையான்னு கேட்ட. நானும் உன் பக்கத்துல உக்காந்து சிரிச்சேன்மா. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட வந்து கேக்குறது?"

கனகலட்சுமி தட்டிலிருந்த சோற்றை விரலால் கிளறினாள். அந்த அக்காளின் முகம் நினைவுக்கு வந்தது. பையை வாங்கும்போது கும்பிட்டுவிட்டுப் போனவள். கொடுக்கிற கை நல்ல கைதான், வாய்தான் சரியில்லை. அதை மகள் சொல்லிக் கேட்கிற நிலைமை வந்துவிட்டதே.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. "மாயக்கா போன வாரம் காலிப் பையோட போச்சு ரோகிணி."

ரோகிணி நிமிர்ந்தாள். மீந்து கிடக்கிற அரிசி, வண்டுதான் தின்னும் என்று சொல்லித்தான் மதினி கொடுத்தாளாம். வரிசையில் நின்ற ஒருத்தியின் பங்கு என்று தெரியாதாம். சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்த்தாள், அப்புறம் பார்க்கவில்லை. இன்று காலையிலும் பாண்டிமீனா வந்து வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாளாம்.

தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துவிட்டுத்தான் கனகலட்சுமி எழுந்தாள். கை கழுவும்போது போன் அடித்தது. இன்னாசிமுத்து வாத்தியார்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். பாண்டிமீனா பஸ்ஸை விட்டு இறங்கியதும், நிறுத்தத்தில் நின்ற பெண்கள் அவளிடம் ஒரு மாதிரியாகப் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் அரிசி கட்ட உட்கார்ந்திருந்த நேரம். சாவியை வாத்தியார் முன்னால் வைத்தாள். எடுத்தது நான்தான், எங்கம்மா வீட்டுக்குத்தான் கொண்டு போனேன் என்றாள். வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பெண்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மூட்டை இறக்க வந்த அழகுராஜா அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"உங்க மகன் அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேக்கல அம்மா. வண்டியில ஏறுன்னு மட்டும் சொன்னான். ஆரப்பாளையத்துல அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வரப் போறானாம். நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கிளம்பிட்டான்."

கனகலட்சுமி போனை வைத்துவிட்டு மகனுக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாண்டிமீனாவின் போன் அணைந்து கிடந்தது.

ரோகிணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், மதினி காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், ஊருக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினாள். "இவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரும்மா. நம்ம வயல் அரிசி, நீதான் குடுத்து விடுறன்னு நினைச்சுக்கிட்டுத் தின்னுட்டு இருக்காரு. அரிசியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

கனகலட்சுமி மகளைப் பார்த்தாள். பெற்ற வயிறு, பேசாமல் இருந்துவிடு என்றுதான் சொன்னது. பேசாமல் இருந்தால் மகள் மானம் நிற்கும். சிம்மக்கல் சம்பந்தம் என்று இத்தனை நாள் நிமிர்ந்து நடந்த தன் தலையும் நிற்கும். நாளைக்குச் சனிக்கிழமை, வரிசையில் மாயக்காள் வந்து நிற்பாள். செல்லத்தாய் கடைக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வந்து நிற்கும், ஏன் எதற்கு என்று ஒன்றும் தெரியாத அந்த மனுஷி ஈரக் கையோடு ஓடிவருவாள். கனகலட்சுமி வீட்டுக்குப் பேர் கெடாமல் இருக்க, இன்னொருத்தி பெண் தன் தாய் வீட்டைத் திருட்டு வீடாக்கிவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வாத்தியாருக்குப் போட்டாள்.

"சார், எல்லாரும் இருக்காங்களா? அந்தப் போனச் சத்தமா வைங்க. கனகலட்சுமி பேசுறேன், அம்புட்டுப் பேரும் கேளுங்க. கூடத்து அரிசி செல்லத்தாய் வீட்டுக்கு ஒரு மணி போகல. எம் மக ரோகிணி வீட்டுலதான் வெந்திருக்கு. இப்பத்தான் அதுல ஒரு தட்டு தின்னுட்டு எந்திரிச்சேன். எம் மக பட்டினி கிடந்திருக்கா, பெத்த எனக்குத் தெரியல, வந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பாண்டிமீனாவத் திருடின்னு சொன்ன வாயில முதல் வாய் என்னோடது. மத்தத நேர்ல வந்து பேசுறேன். நாளைக்கு மாயக்காவ வெறும் பையோட அனுப்பிராதீங்க."

அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி இருமினாள். ரோகிணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தாயின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகலட்சுமி திரும்பினாள். பாதி திறந்த கதவில், சட்டையெல்லாம் சாக்குத் தூசியோடு மாப்பிள்ளை ராம்கி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. மனைவியைப் பார்த்தான், கழுவாமல் கிடந்த தட்டைப் பார்த்தான்.

"எந்த அரிசி அத்தை?" என்றான்.